3,499 ரூபாய் போக்கர் வகுப்பும் ஆத்துல விழுந்த பெரிய குருடரும்

"துப்பாக்கிக்குக் கீழே இருப்பவர் மடிந்தால், பெரிய குருடர் ஆற்றில் எல்லாம் உள்ளே."

2025 மாசியில், சம்பா அறுப்பு ஓய்ந்த வாரம், 3,499 ரூபாய் கட்டி, போக்கர் என்ற சீட்டாட்டத்தின் டோர்னமென்ட்டுக்கு ஒரு ஆன்லைன் வகுப்பு வாங்கினேன். அதன் இரண்டாவது வீடியோவில் திரைக்கு அடியில் ஓடிய தமிழ் வரிதான் மேலே இருப்பது. சத்தமாகப் படித்துவிட்டேன். அடுக்களையிலிருந்து என் மனைவி, "யாருங்க ஆத்துல விழுந்தது?" என்றாள். கண் தெரியாத யாரோ என்றேன். "மேட்டூரை மூடி ஒரு மாசம் ஆச்சு, பாமணி ஆத்துல ஏது தண்ணி விழறதுக்கு" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

பாடம் நடத்துகிறவர் வடக்கத்திக்காரர். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். தமிழ் வரிகளை ஏதோ மெஷினிடம் விட்டிருக்கிறார்கள். முதல் ஆளாகப் பேச வேண்டியவன் 'அண்டர் த கன்', அதனால் துப்பாக்கி. சுற்றுக்குச் சுற்று கட்டாயமாகப் போட வேண்டிய பெரிய பந்தயம் 'பிக் பிளைண்ட்', அதனால் குருடர். ஃபோல்ட் என்றால் சீட்டைக் கவிழ்ப்பது. அது 'மடி' ஆகிவிட்டது. கையிருப்பை மொத்தமாகப் பந்தயத்தில் தள்ளுவது 'ஆல்-இன்', அதனால் 'எல்லாம் உள்ளே'. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் ஐந்து சீட்டில் கடைசிச் சீட்டு 'ரிவர்'. அது எங்கள் ஊருக்கே ஆறாக வந்து சேர்ந்தது. தமிழில் இருக்கிறது என்று விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை. இங்கிலீஷ் காதில் விழும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நான் மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன். சின்ன வயதில் ஐப்பசி அடைமழைக்கு மண்டபத்தில் ஒதுங்கி ரம்மியும் கழுதையும் ஆடிய கை. போக்கரைப் பிடித்துக் கொடுத்தவன் அக்கா மகன். அவன் சொல்லித்தான் 2024ல் ஒரு ஆப்பில் 150 ரூபாய் டோர்னமென்ட் ஆட ஆரம்பித்தேன். தொழில் புத்தி விடுமா, முதல் நாளிலிருந்தே நோட்டுப் போட்டுவிட்டேன். வருஷத்துக்கு 212 ஆட்டம், கட்டியது 31,800. பரிசு வந்தது 29 தடவை, மொத்தம் 24,350. நஷ்டம் 7,450.

இதில் முக்கியமான ஒரு விஷயத்தை அந்த வகுப்பு வாயே திறக்கவில்லை. நான் கட்டிய 150ல் பரிசுப் பணத்துக்குப் போனது 135தான். மீதி 15 ஆப்காரனுக்கு. 212 ஆட்டத்துக்கு அது மட்டும் 3,180. அதாவது, கூட ஆடுகிறவர்களுக்குச் சமமாக ஆடினாலே எனக்கு மூவாயிரம் நஷ்டம். என் தப்பாட்டத்தில் போனது மிச்சம் நாலாயிரத்துச் சொச்சம். மில்லில் அரவைக் கூலியை எழுதாமல் லாபம் சொன்னால் முதலாளி நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிவார். 14 மணி நேரப் பாடத்தில் இந்தக் கூலிக்கு ஒரு நிமிஷம் கூட இல்லை.

சரி, நல்லதைச் சொல்கிறேன். பத்து பாகத்தில் மூன்றாவதும் ஏழாவதும் தங்கம்.

மூன்றாவது பாகம், கையில் இருக்கும் சிப்பை, அதாவது காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் வில்லைகளை, எப்படி எண்ணுவது என்பது. அதுவரைக்கும் நான் "இருபதாயிரம் வைத்திருக்கிறேன், பரவாயில்லை" என்று உட்கார்ந்திருப்பேன். இதன் விவரம் டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். மேட்டூர் 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. நாம் பார்ப்பது அடியையா? விநாடிக்கு 18,000 கன அடி திறந்தால் நாளுக்கு ஒன்றரை டிஎம்சிக்குக் கொஞ்சம் கூடப் போகும். மேலிருந்து வரத்து இல்லை என்றால் அறுபது நாள். குறுவை கரையேறுமா ஏறாதா என்பதை அந்த அறுபதுதான் சொல்லும். டோர்னமென்ட்டிலும் அப்படியே. ஒன்பது பேர் மேசை, சின்ன பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000, பிக் பிளைண்ட் போடுகிறவரே அதோடு சேர்த்துப் போடும் ஆண்ட்டி என்ற கட்டாயப் பந்தயம் 1,000 என்றால், சீட்டைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுற்றுக்கு 2,500 கரையும். கையில் 20,000 இருந்தால் எட்டுச் சுற்றுக்குத் தாங்கும். அடுத்த லெவலில் பிளைண்டும் ஆண்ட்டியும் இரட்டிப்பானால் அதே 20,000 நாலே சுற்று. சிப் ஒன்று கூடக் குறையவில்லை, ஆனால் மடையை இரண்டு பங்காகத் திறந்துவிட்டார்கள். இந்தச் சுற்றுக் கணக்குக்கு 'எம்' என்று பெயர். பால் மேக்ரியல் என்ற பேக்கமன் ஆட்டக்காரர் பெயரிலிருந்து வந்த எழுத்து.

கையிருப்பு பத்து பிக் பிளைண்டுக்குக் கீழே போய்விட்டால் பந்தயத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பது, சும்மா கால் செய்வது (எதிராளி வைத்த அளவுக்கே வைப்பது) எல்லாம் வீண். ஆல்-இன் அல்லது ஃபோல்ட், இரண்டில் ஒன்று என்கிறார். எதற்கு என்பதையும் நன்றாகவே விளக்கியிருக்கிறார். நம்மைப் பார்த்து எதிராளி கவிழ்த்துவிட்டால் சீட்டே பார்க்காமல் நடுவில் கிடக்கும் சிப் நமக்கு. அந்தப் பயம் வரும் அளவுக்காவது நம் கையில் சிப் இருக்க வேண்டும். ரெண்டு பிளைண்ட் மிச்சம் வரைக்கும் ஆஸ் ஜோடிக்காகக் காத்திருந்து தள்ளினால் எவனும் பயப்பட மாட்டான். 2024 முழுக்க நான் செய்தது அதுதான். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது பாகம் ஐசிஎம். சிப்பைக் காசாக மாற்றும் கணக்கு. நோட்டில் நான் போட்டு வைத்ததையே தருகிறேன். மூன்று பேர் மிச்சம், மூவர் கையிலும் சரிசமம். பரிசு 500, 300, 200. ஆளுக்கு மதிப்பு 333. இப்போது நானும் இன்னொருவனும் ஆல்-இன் போகிறோம். தோற்றால் 200 வாங்கிக்கொண்டு எழுந்திருப்பேன், 133 போச்சு. ஜெயித்தால் என் கையில் மூன்றில் இரண்டு பங்கு சிப், மதிப்பு 433. வரவு 100தான். சிப் இரண்டு மடங்கு ஆகியும் காசு இரண்டு மடங்கு ஆகவில்லை. ஆக, நூற்றுக்கு 57 தடவை ஜெயிக்கிற சீட்டு இல்லாமல் அந்த ஆல்-இன்னுக்குக் கால் செய்யக் கூடாது. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று போனால் நஷ்டம். நாங்கள் முட்டிக்கொள்வதை வேடிக்கை பார்த்த மூன்றாமவன் மதிப்போ 333லிருந்து 367 ஆகிவிடுகிறது. இரண்டு பங்காளி கோர்ட்டுக்குப் போனால் பக்கத்து வயல்காரன் வரப்பைத் தள்ளிப் போடுவானே, அதே கதை. இந்த ஒரு பாகத்தை நாலு தடவை பார்த்தேன்.

மற்ற எட்டு பாகம்? காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளி, மூச்சுப் பயிற்சி செய், தோற்றால் கோபப்படாதே. எதிராளிகளின் ஆட்டத்தைப் புள்ளிவிவரமாகக் காட்டும் சாஃப்ட்வேருக்கு ஒரு பாகம். நான் ஆடிய ஆப்பில் அதைப் போடவே முடியாது. கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்து, 2003 உலகப் போக்கர் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் அள்ளிய கதையை மூன்று இடத்தில் சொல்கிறார். மணிமேக்கரும் கணக்காளர் என்பதால் மனைவியிடம் ஒரு முறை நானும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

பெரிய குறை வேறு. ஆல்-இன்னா ஃபோல்டா என்று சீட்டுவாரியாகக் காட்டும் அட்டவணை ஒன்று கூடவே தருகிறார்கள். பிரிண்ட் எடுத்து மில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, அது ஆண்ட்டி இல்லாத ஆட்டத்துக்குப் போட்ட கணக்கு. ஆண்ட்டி இருந்தால் நடுவில் கிடக்கும் சிப் ஒன்றரை பிக் பிளைண்டுக்குப் பதில் இரண்டரை. அப்போது இன்னும் தைரியமாகத் தள்ள வேண்டும். வீடியோவில் ஆண்ட்டி வைத்துப் பாடம் சொல்லிவிட்டு, கையில் வேறு அட்டவணையைக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன். "உங்களுக்கு வாழ்நாள் அனுமதி உள்ளது, மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று பதில். நான் கேட்டது அனுமதியையா?

வகுப்புக்குப் பிறகு 64 ஆட்டம். கட்டியது 9,600, வந்தது 9,910. லாபம் 310 என்று சொல்லி நட்சத்திரம் போட்டுவிடலாம். ஆனால் அதில் ஒரே ஒரு மூன்றாம் பரிசு 4,200. அதை எடுத்துவிட்டால் 3,890 நஷ்டம். 64 ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்து லாரி லோடுக்கே விலை சொல்வது மாதிரி. வகுப்புக்காரர்கள் விளம்பரத்தில் காட்டும் மாணவர் லாபமெல்லாம் எத்தனை ஆட்டத்துக் கணக்கு என்று கேளுங்கள். சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் சட்டம். 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது, அதே வருஷம் நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் தடுத்த பகுதியை உயர் நீதிமன்றம் தள்ளியது, 2025 பிப்ரவரியில் இரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக் கூடாது என்று விதி வந்தது. இந்த இழுபறிக்கெல்லாம் 2025 ஆகஸ்ட்டில் டெல்லியே முற்றுப்புள்ளி வைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றி 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்த சட்டத்தில், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. என் கணக்கில் கிடந்த 640 ரூபாய் பேங்குக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டும்.

வகுப்பு மட்டும் இன்னமும் விற்பனையில் இருக்கிறது. பதினோராவது பாகமாக, வெளிநாட்டுத் தளங்களில் எப்படி நுழைவது என்று புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அதைத் திறந்த ஐந்தாவது நிமிஷம் மூடினேன். நாளைக்குப் பணம் மாட்டிக்கொண்டால் எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது? அக்கா மகனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "மாமா, நான் அந்தப் பக்கமே போகலை" என்கிறான். நம்புகிறேன்.

இலவச ஆப்பில் ஆடிப் பார்த்தேன், உதவாது. காசு இல்லாத இடத்தில் எவனுக்கும் ஃபோல்ட் செய்ய மனசு வருவதில்லை. பத்து பிளைண்ட் வைத்துத் தள்ளினால் நாலு பேர் கால் செய்கிறான். எதிராளி கவிழ்ப்பான் என்பதில்தான் அந்த அட்டவணையே நிற்கிறது.

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மாடியில் நாலு பேர். பைசா கிடையாது. ஆளுக்கு 5,000 சிப், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை பிளைண்ட் ஏறும். முதல் ஆளுக்கு 50 புள்ளி, அடுத்தவருக்கு 30, மூன்றாமவருக்கு 20, காலண்டரில் எழுதிக்கொள்வோம். தை மாதம் கூட்டிப் பார்க்கும்போது முதலில் இருப்பவர் பேர் அடுத்த வருஷக் காலண்டர் மேலே ஏறும். அந்தப் பேருக்காக ஒழுங்காக ஃபோல்ட் செய்கிறார்கள்.

போன வாரம் விதைக்கடைக்காரர் முதலில் வெளியே போனார். மூன்று பேர் மிச்சம், கையிருப்பு ஏறக்குறைய சமம். அக்கா மகன் ஆல்-இன். என் கையில் ராஜாவும் ஜாக்கியும். பழைய ஆளாக இருந்தால் தள்ளியிருப்பேன். 57 ஞாபகம் வந்தது, கவிழ்த்தேன். அடுத்தவர் எங்கள் மில் எடைக்காரர். வகுப்பையெல்லாம் பார்த்ததில்லை, ஐசிஎம் என்றால் என்னவென்று கேட்பார். முப்பது வருஷமாக நெல்லை வாயில் போட்டுக் கடித்தே ஈரம் சொல்கிறவர். சீட்டைப் பார்க்காமல் பையனின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொள்முதல்ல ஈரம் 17க்கு மேல எடுக்க மாட்டாங்க. நீ இருபதுக்கு மேல இருக்கே" என்று சொல்லிவிட்டு ஒன்பது ஜோடியைத் திறந்து போட்டார். பையன் கையில் ஏழும் மூன்றும். நாலு சீட்டு திறந்தும் ஏழும் வரவில்லை, மூன்றும் வரவில்லை. கடைசிச் சீட்டை நான்தான் புரட்டினேன்.

"என்ன மாமா?"

"ஆத்துல ஆறு."

மனைவி கீழேயிருந்து, "இன்னைக்கு யாரு விழுந்தா?" என்றாள்.