ப்ளூஸ் கிட்டார் முகாமுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களில் கிட்டார் வாசிப்பவர்கள் நிறையப் பேர். அதில் பழைய அகூஸ்டிக் ப்ளூஸ், அதாவது மின்சாரம் இல்லாத வெறும் மரக் கிட்டாரில் வாசிக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை, அந்தப் பக்கம் காது போனவர்கள் குறைவு. போனவர்கள் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வருவதில்லை. இந்தப் பதிவு அவர்களுக்காக. வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதியில், கோடையில் ஒரு வாரம் தங்கிப் படிக்கும் ப்ளூஸ் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்து 1,450 டாலரைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடாதே என்று வழக்கறிஞர் நண்பர் சொல்லிவிட்டார். பெயர் இல்லாவிட்டாலும் செய்த வேலையை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கிட்டார் கற்க இவ்வளவு பணமா, யூடியூபில் இல்லாததா என்று கேட்பீர்கள். மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் 1928இல் பதிவு செய்த பாட்டுகளை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எந்தக் கம்பியில் எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்று எழுதிய டேபும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி, நிற்காமல், ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்க, மற்ற விரல்கள் அதன் மேல் தாளம் தள்ளிப் பாட்டை வாசிக்க வேண்டும். அந்தத் தள்ளல் எவ்வளவு, உள்ளங்கை கம்பியை எவ்வளவு அழுத்தி ஓசையை அடக்குகிறது என்பதெல்லாம் காகிதத்தில் வராது. மிருதங்கச் சொற்களைப் புத்தகத்தில் படித்து யாரும் வாசிக்கக் கற்றதில்லையே, அது மாதிரிதான். ரெவரெண்ட் கேரி டேவிஸ் நியூயார்க்கில் தன் வீட்டிலேயே மாணவர்களை எதிரே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்படிக் கற்றவர்கள் வழியாகத்தான் அவருடைய வாசிப்பு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. இந்த மாதிரி முகாமில் நீங்கள் காசு கொடுப்பது, தெரிந்த ஒருவருடைய கைக்கு எதிரே உட்காரும் நேரத்துக்கு. மலைக்காற்று, இரவு நெருப்பு, டீ-ஷர்ட் எல்லாம் அதற்கு அப்புறம்.

விளம்பரம் அந்த ஆசையைத்தான் குறி வைத்தது. வகுப்புக்கு எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. தினமும் ஆறு மணி நேரம் வகுப்பு. கட்டைவிரல் மாறி மாறி நடக்கும் இந்த வாசிப்பான பீட்மாண்ட் பாணியை மூத்த கறுப்பினக் கலைஞர்களிடம் நேரில் கற்ற ஒருவர் தலைமை ஆசிரியர். பக்கத்தில் எட்டா பேக்கரின் புகைப்படம். அந்தப் பாணியின் கிட்டார் கலைஞரான அவர் இதே பகுதியில், மார்கன்டனில் வாழ்ந்தவர், 2006இல் மறைந்தார். அவருக்கும் இந்த முகாமுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே போன பிறகு கேட்டேன். "அவர் வாழ்ந்த மலைகளில்தானே நடத்துகிறோம்" என்றார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் சாலையோரப் பெட்ரோல் பங்க்கும் அவர் படத்தை மாட்டிக்கொள்ளலாம்.

முதல் நாள் காலை வகுப்பில் நுழைந்தால் இருபதுக்கும் மேற்பட்ட நாற்காலிகள். சி கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடிக்கவே திணறுகிறவரும் முப்பது வருடமாக வாசிக்கிறவரும் ஒரே அறையில். பதிவுப் படிவத்தில் நம் திறமை பற்றி ஒரு பக்கம் கேள்வி கேட்டிருந்தார்கள். அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர்கள் ராக் இசைக்குழுவில் வாசிக்கும் இரண்டு இளைஞர்கள். நல்ல பையன்கள், வேகமான விரல்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது மடிக்கணினியில் ப்ளூஸின் வழக்கமான பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) பின்னணி இசையைப் போட்டுவிட்டு, அதன் மேல் பென்டடோனிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையை ஓட்டுவது. கட்டைவிரல் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிக் என்ற சின்ன பிளாஸ்டிக் வில்லையைப் பிடித்துத்தான் வாசித்தார்கள்.

தலைமை ஆசிரியர் எங்கே? வாரத்தின் நடுவில் ஒரு மாலை வந்தார். அருமையான கச்சேரி, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. முடிந்ததும் நாங்கள் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டு, நாளை எந்த வகுப்பு எடுக்கிறீர்கள் என்று கேட்டோம். மனிதர் முகம் மாறிவிட்டது. "எனக்கு இந்த ஒரு மாலைக்குத்தான் பேசினார்கள்" என்றார். வகுப்பு பற்றி அவரிடம் யாரும் வாயே திறக்கவில்லையாம். விளம்பரத்தில் தன் பெயர் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதே எங்கள் கைபேசியில் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஸ்கிப் ஜேம்ஸ் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். நான் அதற்காகத்தான் போனேன். ஜேம்ஸ் மிஸிஸிப்பியின் பென்டோனியா ஊர்க்காரர், பழைய ப்ளூஸ் கலைஞர். 1931இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டனுக்குப் போய் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக வாசித்த பதிவுகள்தான் அவருடைய பெரிய சொத்து. அந்த வாசிப்பின் உயிர் ட்யூனிங்கில், அதாவது ஒவ்வொரு கம்பிக்கும் வைக்கும் சுருதியில் இருக்கிறது. தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப், ஏ, டி. மைனர். வெறும் கம்பியை மீட்டினாலே வயிற்றைப் பிசையும். ஆசிரியர் எங்களை வைக்கச் சொன்னது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. அது ஓபன் டி, மேஜர். ஒரே ஒரு கம்பி, அரை ஸ்வரம்தான் வித்தியாசம். ஆனால் மூன்றாம் கம்பி அந்த அரை ஸ்வரம் ஏறியதும் பாட்டு வேறாகிவிடுகிறது. எழவு வீட்டில் கல்யாணப் பாட்டு. எங்களில் ஒரு பெண்மணி கையைத் தூக்கி, ஜேம்ஸ் வைத்தது மைனர் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாம் ஒன்றுதான், உங்களுக்கு எது சௌகரியமோ அப்படி" என்று பதில் வந்தது. வேடிக்கை என்னவென்றால் எங்கள் கையில் கொடுத்த ஜெராக்ஸ் தாளில் ட்யூனிங் சரியாகவே அச்சாகியிருந்தது. தாளின் அடியில், அதை எந்த இலவச இணையதளத்திலிருந்து எடுத்தார்கள் என்ற முகவரியும் அப்படியே இருந்தது. அதை வெட்டக்கூட மெனக்கெடவில்லை.

ஸ்லைடு வகுப்பும் அதே கதைதான். ஸ்லைடு என்பது விரலில் மாட்டித் தந்தியில் நகர்த்தும் குழாய். அது கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே, தந்தியை லேசாகத் தொட்டபடி நிற்க வேண்டும் என்பது முதல் பாடம். இங்கே ஃப்ரெட் போர்டில் அழுத்தித் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அறை முழுக்கக் கடகடவென்று சத்தம். தந்தி மெல்லியதாக, உயரம் குறைவாக இருக்கும் கிட்டாரில் ஸ்லைடு சரியாக வராது, அதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கண்ணாடி ஸ்லைடு வாசலில் விற்பனைக்கு இருந்தது, 35 டாலர்.

இன்னொரு வியாபாரமும் நடந்தது. வகுப்பில் கூட்டம் அதிகம் என்று முறையிட்டவர்களிடம், தனி வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்கு 90 டாலர் என்றார்கள். கூட்டத்தைச் சேர்த்தது நீங்கள்தானே ஐயா!

உண்மையாக நான் கற்றது வராந்தாவில். என்னைப் போலவே பணம் கட்டி வந்திருந்த ஒரு பெரியவர், டர்ஹம் பக்கத்துக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மதியம் வகுப்பைப் புறக்கணித்துவிட்டு வெளியே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். டர்ஹமின் புகையிலைக் கிடங்குகளுக்கு வெளியே ஏலக் கூட்டத்துக்காக பிளைண்ட் பாய் ஃபுல்லர் போன்றவர்கள் வாசித்த காலத்தைத் தன் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னார். "மற்ற விரலை மற, கட்டைவிரல் தூக்கத்திலும் நடக்க வேண்டும்" என்று சொல்லி, ஒரு சி கார்டில் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி என்று மாற்றி மாற்றி வெகுநேரம் அதை மட்டுமே வாசிக்க வைத்தார். அவருக்கு முகாம் காசு கொடுத்திருக்க வேண்டும்; அவர் முகாமுக்குக் கொடுத்திருந்தார்.

இரவில் எல்லோரும் கூடி வாசிக்கும் ஜாமில் அகூஸ்டிக் மட்டும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் நாளே ஆம்ப்ளிஃபையர் வந்துவிட்டது. அப்புறம் யார் காதிலும் எதுவும் விழவில்லை.

தங்குமிடம், சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. தனி அறைக்குக் கூடுதலாகக் கட்டியவர்களுக்கும் ஆறு பேர் படுக்கும் அடுக்குக் கட்டில் அறைதான். ஏசி இல்லை, கதவுக்குப் பூட்டும் இல்லை. மரக் கிட்டாருக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் நல்லது. ஜூலை மாதம் அந்த மலையில் அது எட்டாக்கனி. கிட்டாரின் மேல்பலகை உப்பி, தந்தி எழும்பி, வாசிக்கவே கை வலித்தது. அறையில் பூட்டு இல்லையே என்று ஒருவர் தன் கிட்டாரைக் காரில் வைத்தார். வெயிலில் பசை இளகி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிட்டது. பழுதுக்கான செலவு அவர் தலையில். சைவம் என்று படிவத்தில் குறித்திருந்தேன். பன், பச்சைத் தழை, சீஸ். ஒரு நாள் பச்சை பீன்ஸ் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் தட்டில் போட்டேன். அந்தப் பக்கத்து வழக்கப்படி பன்றி இறைச்சி போட்டு வேகவைத்தது. சமையல்கார அம்மா மட்டும் மன்னிப்புக் கேட்டார், சைவக்காரர்கள் வருவதாக அவரிடம் யாரும் சொல்லவில்லையாம்.

சரி, பணத்துக்கு வருவோம். முன்பணத்தை கிரெடிட் கார்டில் வாங்கினார்கள். மீதியை மட்டும் ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அனுப்பச் சொன்னார்கள். கார்டு என்றால் நான்கு சதவீதம் அதிகம் என்று ஒரு சாக்கு. இதுதான் கண்ணி. ஸெல்லில் நாமே விரும்பி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது, அனுப்பினால் அனுப்பியதுதான். கிரெடிட் கார்டு அப்படி இல்லை. ஒப்புக்கொண்டபடி தரப்படாத சேவைக்கு ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி ஆட்சேபிக்கலாம். அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் அந்த ஆட்சேபம் கார்டு கொடுத்த வங்கிக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பிப்ரவரியில் கட்டி ஜூலையில் ஏமாந்தால் அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். ஆனாலும் மனம் தளர வேண்டாம். விசா, மாஸ்டர்கார்டின் சொந்த விதிகள் பொதுவாகச் சேவை நடக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கு வைப்பதால் வங்கியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. முழுத் தொகையையும் அடம்பிடித்து கார்டிலேயே கட்டிய ஒரு தம்பதிக்குப் பெரும்பகுதி திரும்பி வந்தது. எனக்கு முன்பணம் மட்டும் வந்தது. மேலே சொன்ன 1,450 வராமல் போன மீதி.

நிர்வாகத்துக்கு எழுதியபோது, ஆசிரியர்கள் மாற்றத்துக்கு உட்பட்டவர்கள் என்று விதிமுறையில் இருப்பதைக் காட்டினார்கள். உண்மைதான், அந்த வரி இருந்தது. ஏறக்குறைய எல்லா முகாமிலும் இருக்கும், ஆசிரியருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ஆனால் மாறியதற்கும் முதலிலிருந்தே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. அதைச் சொன்னதும் அடுத்த வருடக் கட்டணத்தில் 200 டாலர் கழிவு தருவதாகச் சொன்னார்கள். மறுபடி வேறு போக வேண்டுமாம்.

ஆகவே இப்படி ஏதாவது ஒன்றில் சேர நினைத்தால், மீதிப் பணத்துக்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்த ஆசிரியர் எந்தெந்த நாளில் எந்தெந்த மணிக்கு வகுப்பு எடுக்கிறார், அந்த வகுப்பில் எத்தனை பேர், அவர் வராவிட்டால் பணம் திரும்புமா? பதிலில் "அற்புதமான அனுபவம்", "குடும்பம் மாதிரி" என்று வந்தால் விட்டுவிடுங்கள். ஆசிரியருக்குச் சொந்த இணையதளம் இருந்தால் அவருடைய நிகழ்ச்சிப் பட்டியலில் அந்த வாரம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறு ஊரில் கச்சேரி இருந்தால் விஷயம் புரிந்துவிடும். அவருக்கே ஒரு வரி எழுதினாலும் தப்பில்லை, இந்தக் கலைஞர்கள் பெரும்பாலும் பதில் போடுகிறவர்கள்.

எல்லா முகாமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. இதே மலைப்பகுதியில் வாரன் வில்சன் கல்லூரியில் நடக்கும் ஸ்வனனோவா கேதரிங், மேற்கு வர்ஜீனியாவின் எல்கின்ஸில் இருக்கும் அகஸ்டா ஹெரிட்டேஜ் சென்டர், வாஷிங்டன் மாநிலத்தில் போர்ட் டவுன்செண்டின் பழைய ராணுவக் கோட்டையில் செண்ட்ரம் நடத்தும் அகூஸ்டிக் ப்ளூஸ் வாரம் என்று பல வருடமாகப் பெயர் எடுத்தவை இருக்கின்றன. ஸ்வனனோவாவில் எந்த ஆசிரியர் எந்த வகுப்பு என்று விவரமாக முன்கூட்டியே அச்சிட்டுவிடுகிறார்கள். எது எந்த வருடம் நடக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம்; காசு கிடையாது. மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசியிலும் பதிந்து வையுங்கள், அவர்கள் தனிப்பட்ட பணத்தை வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் பதிவு இருக்கும். புகாருக்கு முன் அவர்களுடைய விளம்பரப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் புகார் கொடுத்த சில நாட்களில் "எட்டுப் பேருக்கு மேல் கிடையாது" என்ற வரி அங்கிருந்து காணாமல் போய், "நெருக்கமான வகுப்புகள்" என்று ஆகிவிட்டது. பழைய வரியோடு கூடிய படம் என்னிடம் இருக்கிறது. அதே வாரத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் கேளுங்கள், அனுப்புகிறேன்.