சுலா ஒயினும் எங்கள் வீட்டு மீன் குழம்பும்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தது

ஞாயிற்றுக்கிழமை நாலு குடும்பம் சாப்பிட வருகிறது, மீன் குழம்பும் மட்டன் சுக்காவும் செய்கிறோம், மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் செய்கிற சுலா ஒயினில் எந்த பாட்டில் வாங்கட்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். புனேவில் பல வருடமாக இருக்கிறேன், எங்கள் வீட்டில் புழங்குவது நாசிக் ஒயின்தான். போனிலேயே பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் போன வாரம் கடையில் வாங்கிய ஒரு பாட்டில் எரிச்சலைக் கிளப்பிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுலாவின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் நம் சாப்பாட்டோடு சேர்வது மாதிரி வேறு எந்த ஒயினும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. என் மனைவி தூத்துக்குடிக்காரர். அவர் வைக்கிற சீலா மீன் குழம்பில் (சென்னையில் வஞ்சிரம் என்பார்கள்) புளியும் மிளகாய்த்தூளும் தாராளமாக இருக்கும், தேங்காயும் அரைத்து ஊற்றுவார். இப்படி ஒரு குழம்புக்கு ஒயினே ஒத்துவராது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். செனினை நன்றாகக் குளிரவைத்து, குழம்பு பிசைந்த சோற்றில் ரெண்டு வாய் சாப்பிட்டபின் ஒரு மடக்கு குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கில் காரம் தணியும், குழம்பின் ருசியும் கெடாது.

ஏன் அப்படி என்றால், சாப்பாட்டில் புளிப்பு ஏற ஏற ஒயினின் புளிப்பு வாய்க்குக் குறைவாகத் தெரியும். ஒயினில் போதுமான புளிப்பு இல்லையென்றால் புளிக்குழம்புக்குப் பக்கத்தில் அது சப்பென்று ஆகிவிடும். செனின் இயல்பிலேயே புளிப்பு கூடிய திராட்சை. அத்துடன் சுலா செய்கிற செனினில் கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும், மிளகாய்க் காரத்துக்கு அந்த இனிப்புதான் மருந்து. கடும் ரெட் ஒயின் இதற்கு நேர் எதிர். அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தைத் தூக்கிவிடும். ரெட் ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் கவுச்சி வேறு மேலே வரும். மீனுக்கு வெள்ளை என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

செனின் பிரான்ஸில் லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சை. இன்று உலகத்திலேயே அதிகமாகப் பயிராவது தென்னாப்பிரிக்காவில். நாசிக்குக்கு எப்படி வந்தது என்பதில் சுலாவைத் தொடங்கிய ராஜீவ் சாமந்தின் பங்கை மறக்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டில் படித்து, அமெரிக்காவில் ஆரக்கிளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அன்றைக்கு நாசிக் திராட்சை என்றால் பெரும்பாலும் தாம்சன் சீட்லெஸ் மாதிரி சாப்பிடுகிற ரகம்தான். குடும்ப நிலத்தில் 1997-இல் செனினையும் சாவின்யான் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் திராட்சையையும் நட்டார். கலிபோர்னியாவின் சோனோமாவிலிருந்து கெர்ரி டாம்ஸ்கி என்ற ஒயின் நிபுணர் வந்து கைகொடுத்தார். முதல் ஒயின் 2000-இல் விற்பனைக்கு வந்தது. சுலா என்பது சாமந்தின் அம்மா சுலபாவின் பெயரிலிருந்து எடுத்தது. 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து சலுகைகள் கொடுத்தது. அதன் பிறகு நாசிக்கைச் சுற்றி வரிசையாக ஒயின் ஆலைகள் முளைத்தன.

ஐரோப்பாவில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை என்றால், நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. இங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குவதில்லை, வருடத்துக்கு ரெண்டு முறை கவாத்து செய்வார்கள். மழை முடிகிற செப்டம்பர், அக்டோபரில் வெட்டிவிட்டால் பழம் குளிர்காலத்தில் முற்றும். பகலில் வெயில், ராத்திரியில் நல்ல குளிர். அந்த ராத்திரிக் குளிர்தான் பழத்தில் புளிப்பைக் காப்பாற்றுகிறது. நம் குழம்போடு சேரும் ருசி அந்தக் குளிரில் வந்தது என்றே சொல்வேன்.

சாவின்யான் பிளாங்க் வேறு மாதிரி. இனிப்பு கிடையாது. கங்காப்பூர் அணை நீரைப் பார்த்தபடி இருக்கிற அவர்கள் டேஸ்டிங் ரூமில், அறுவடை முடிந்த கொஞ்ச மாதத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். கிளாஸை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதுமே கொய்யாக்காய், வெட்டின புல், பச்சைக் குடமிளகாய் வாசனை அடித்தது. குடமிளகாய் வாசனை கற்பனை இல்லை. பைரசின் வகையைச் சேர்ந்த ஒரே சேர்மம்தான் குடமிளகாயிலும் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. இதற்கு பச்சை வாசனை உள்ள சாப்பாடு வேண்டும். கொத்தமல்லி, புதினா சட்னி, கீரை வடை, எலுமிச்சை பிழிந்த இறால் வறுவல் எல்லாம் பொருந்தும். சாம்பார், ரசத்துக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

ரெட்டில் திண்டோரி ரிசர்வ் ஷிராஸ். ஓக் பீப்பாயில் ஊறியது, மிளகு வாசனை கொஞ்சம் இருக்கும். மட்டன் சுக்காவில் மிளகாயைக் குறைத்து மிளகை ஏற்றினால் இதற்கு இணை கிடையாது. கறியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய அறைக்குச் சொன்னது, பதினாறு பதினெட்டு டிகிரிக்கு. புனேயில் மே மாதத்து அறை அதைப்போல ரெண்டு மடங்கு. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திறங்கள்.

ஜின்ஃபாண்டல் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் சிக்கன் 65-க்கும் பிரியாணிக்கும் சரியாக இருக்கும். ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் பிரியாணிக்கு ஓடும். தாமதமாகப் பறித்த பழத்தில் செய்கிற இனிப்பான லேட் ஹார்வெஸ்ட் செனினை ஸ்வீட்டோடு குடிக்கச் சொல்வார்கள். நம் ஸ்வீட் விஷயத்தில் அது சரிவராது. மைசூர்பாகோ பால்கோவாவோ அந்த ஒயினைவிட இனிப்பு, அதனால் ஒயின் புளித்த தண்ணீராகத் தெரியும். உப்புப் போட்டு வறுத்த முந்திரியோடு குடித்துப் பாருங்கள்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன். அது சுலா மேல் இல்லை. எங்கள் ஏரியா கடையின் மேல், அதைப் போன்ற ஊர்க்கடைகள் எல்லாவற்றின் மேலும். கடையில் பெரிய ஃபிரிட்ஜ் இருக்கிறது, முழுக்க பீர். ஒயின் எங்கே என்றால் மேல் தட்டில், கூரைத் தகரத்துக்குக் கீழே, பளீரென்ற விளக்குக்கு நேராக நின்றுகொண்டிருக்கும். போன வாரம் அங்கிருந்துதான் ஒரு சாவின்யான் வாங்கிவந்தேன். கையில் எடுத்தபோதே பாட்டில் சூடாக இருந்தது. பின்னால் லேபிளில் அடைத்த மாதம் பார்த்தால், ரெண்டு கோடையைத் தாண்டிய சரக்கு. கடைக்காரரிடம் காட்டினால், "ஒயின் பழசானா நல்லதுதானே சார்" என்கிறார். முழு விலைதான் வாங்கினார், பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

இந்த நம்பிக்கைதான் ஒயினைக் கெடுக்கிறது. வருடக்கணக்கில் வைத்தால் மேலே போகிற ஒயின் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம், அதற்கும் பன்னிரண்டு பதினாலு டிகிரியில் இருட்டு அறை வேண்டும். நாசிக் வெள்ளை ஒயின்களில் அநேகமும் இளநீர் மாதிரி, புதுசாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். கொய்யா வாசனை தருகிற தையால்கள் என்ற சேர்மங்கள் சூட்டில் முதலில் போய்விடும். அந்த பாட்டிலைத் திறந்தபோது லேசான பச்சை கலந்திருக்க வேண்டிய ஒயின் வைக்கோல் நிறத்துக்குப் போயிருந்தது. கொய்யாவும் இல்லை, புல்லும் இல்லை. வேகவைத்த ஆப்பிள் வாசனைதான் வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்விளிம்பைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒரு வளையம். சூட்டில் ஒயின் விரிந்து கசிந்திருக்கிறது. கார்க் என்றால் மேலே தள்ளிக்கொண்டு நிற்கும், கடையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். திருகு மூடி புதுமையைக் காப்பாற்றுவதில் கார்க்கைவிட நல்லதுதான், ஆனால் உள்ளே வெந்திருப்பதை வெளியே காட்டாது.

ஜனவரிக் குளிரில் விவசாயி விடிகாலை எழுந்து பறித்த பழம். அதைக் குளிர்ந்த ஸ்டீல் தொட்டியில் ஜாக்கிரதையாக நொதிக்கவைக்கிறார்கள். இருநூறு சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்ததும் மேல் தட்டில் வைத்து வேகவிடுகிறார்கள். இந்த ஒயினை முதல்முறை குடிக்கிறவர் என்ன நினைப்பார்? இந்திய ஒயின் இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்குக் கோபம் வருவது அதனால்தான். கல்யாண நாளுக்கு வந்த பாட்டிலை ஷோகேஸில் வருடக்கணக்கில் வைத்திருக்கிற நண்பர்களிடமும் இதையே சொல்கிறேன்: இன்றைக்கே குளிரவைத்துக் குடித்துவிடுங்கள்.

எனவே என் தீர்ப்பு. இவ்வளவு பாராட்டியும், இந்த மே மாதத்தில் செனினையோ சாவின்யானையோ ஊர்க்கடையில் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீன் குழம்புக்கு நன்றாகக் குளிர்ந்த பீர் போதும், அதையாவது ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். ஷிராஸ் கொஞ்சம் தாங்கும், வாங்கலாம், அதிலும் அடைத்த மாதத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கீழ்த்தட்டில் இருட்டு மூலையில் இருக்கிற பாட்டிலைக் கேட்டு எடுங்கள், கையில் பிடித்து வெதுவெதுப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாசிக் பக்கம் போகிறவர்கள் ஆலையிலேயே வாங்கி, காரில் டிக்கியில் போடாமல் ஏசி படுகிற இடத்தில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

புனேயில் ஒயினைக் குளிர்பெட்டியில் வைத்து விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கோத்ரூட் பக்கம் என்றால் இன்னும் நல்லது, ஆனால் விமான் நகர் வரைக்கும் போய் வாங்கவும் நான் தயார்.