பச்சை எழுத்தில் ஒரு நன்றி: மூன்று வருட வெப்சைட் அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உன் வெப்சைட் நன்றாக இருக்கிறதே, செய்துகொடுத்தவரிடமே நானும் கொடுக்கட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வாடிக்கையாளர்கள் எங்களுக்கு எழுதி அனுப்பும் தொடர்புப் படிவத்தைச் சரிசெய்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, கோபம் ஆறவில்லை. நிதானமாக யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பதில்தான் இது.

எங்களுடையது தையல் மெஷின் பழுதுபார்க்கும் சிறு தொழில், இரண்டே பேர். வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஐந்து பக்கங்கள். தோற்றத்துக்கான தீம், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் எல்லாம் வழக்கமானவைதான், அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் அது விட்டுப்போகக் கூடாது. இந்த மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது பக்கத்தின் உச்சியில் இருக்கும் போன் நம்பர். முதலில் அது பேனர் படத்துக்குள்ளேயே இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் தொட்டால் அழைப்பு போகாது, நகலெடுக்கவும் முடியாது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அங்கே ஒரு நம்பர் இருப்பதே தெரியாது. வடிவமைத்தவரே இரண்டாவது வாரம் அதைக் கவனித்து, நம்பரைத் தனி எழுத்தாக எடுத்துப் போட்டு, தொட்டதும் அழைப்பு போகும்படி இணைப்பு கொடுத்தார். ஒரு வரி வேலைதான். எங்களைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஊசிக்குக் கீழே துணி சிக்கிக்கொண்ட நிலையில் தேடுகிறார். ஒரு கை துணியைப் பிடித்திருக்கும், மற்றக் கையின் கட்டைவிரல்தான் மிச்சம். தொடும் இடம் குறைந்தது 48 டிபி (திரையில் அளக்கும் அலகு) அளவாவது இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்வதைக் காட்டி, அவர் அந்த நம்பரைச் சுற்றி இடமும் விட்டார். "தேடினேன், தொட்டேன், நீங்கள் பேசிவிட்டீர்கள்" என்று ஒரு அம்மா சொன்னபோது மனம் நிறைந்துவிட்டது.

ஐந்து படம் ஓடும் ஸ்லைடர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். இரண்டாவது படம் வருவதற்குள் ஆள் கீழே போய்விடுவார் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த இடத்தில் வேலை நேரமும், எந்தெந்த மெஷின் பார்ப்போம் என்பதும் எழுத்தாக வந்தன. "ஓவர்லாக் பார்ப்பீர்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடும் அழைப்புகள் அதோடு நின்றன. அவர் சொன்னதுதான் சரி.

படங்களிலும் அப்படித்தான். போனில் எடுத்ததை 4, 5 எம்பி அளவிலேயே நான் ஏற்றிவிடுவேன். அவர் எல்லாவற்றையும் வெப்பி என்ற, கோப்பு அளவு குறைவாக வரும் பட வடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றின் அகலத்தையும் உயரத்தையும் குறியீட்டிலேயே எழுதிவைத்தார். இல்லாவிட்டால் படம் தாமதமாக வரும்போது எழுத்தெல்லாம் கீழே தள்ளப்படும், ஒன்றைத் தொடப்போய் விரல் இன்னொன்றில் விழும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. எங்கள் பக்கம் அதற்கு முன்பே வந்துவிடும். கூகுளின் வேகம் அளக்கும் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைலுக்கு நூற்றுக்கு 97, பச்சை வட்டம். அது சோதனைச் சூழலில் வரும் மதிப்பெண். எங்களைப் போன்ற சிறிய தளத்துக்கு உண்மைப் பயனர்களின் தரவு போதாது என்று அந்தக் கருவியே மேலே எழுதிவிடும். நான் அந்த வரியைப் படித்ததில்லை, பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி படிவத்துக்கு வருகிறேன்.

ஒருவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்தார். "இரண்டு தடவை எழுதினேன், பதிலே போடவில்லையே" என்றார். எதுவும் வரவில்லையே என்றேன். அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து, என் கண் முன்னாலேயே மறுபடியும் எழுதி அனுப்பினார். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: "நன்றி! உங்கள் செய்தி கிடைத்தது. விரைவில் தொடர்புகொள்கிறோம்." என் மெயிலில் ஒன்றுமில்லை. ஸ்பேமிலும் இல்லை. ஐந்து நிமிடம் இருவரும் காலியான இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிடைத்தது என்ற அந்த ஒரு சொல்லை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்து பயன்பாட்டு விதிகளில் முதலாவது, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பயனருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த வடிவமைப்பாளர்தான். அவர் செய்த படிவம் நடக்காததை நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிழைச் செய்தி வந்திருந்தால்கூட அந்த வாடிக்கையாளர் மேலே இருந்த நம்பரைத் தொட்டிருப்பார். பச்சையைப் பார்த்ததால் காத்திருந்தார்.

காரணத்தைத் தோண்டினோம். வேர்ட்பிரஸ் மெயிலைச் சர்வரில் ஓடும் பிஎச்பி நிரல் வழியாக, எந்த லாகினும் இல்லாமல் தள்ளிவிடுவதுதான் அதன் வழக்கமான அமைப்பு. போதாததற்கு எங்கள் படிவம், எழுதியவரின் மெயில் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டது. அதாவது எங்கள் சர்வர் இன்னொருவர் பெயரில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. பெறுகிற பக்கம், அனுப்புகிறவர் உண்மையானவரா என்று சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் பார்க்கும், இந்தப் பெயரில் அனுப்ப இந்தச் சர்வருக்கு உரிமை இல்லை என்று ஒதுக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் அந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் விதி கொண்டுவந்தது. எங்கள் டொமைனில் இரண்டுமே இல்லை. முன்பு ஸ்பேமிலாவது ஒன்றிரண்டு வந்து கிடக்கும், அப்புறம் அதுவும் இல்லை. படிவத்தை இயக்கும் பிளகின் என்ற துணை மென்பொருளைப் பொறுத்தவரை "அனுப்பியாயிற்று" என்றால் சர்வரிடம் கொடுத்துவிட்டேன் என்பதோடு சரி. போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. வந்த செய்திகளைத் தளத்திலேயே சேமித்து வைக்கும் வசதியையும் யாரும் போட்டுவைக்கவில்லை. அதனால் போனவை போனவைதான்.

ஹோஸ்டிங் பிரச்சினை என்றார் வடிவமைப்பாளர். பிளகின் பிரச்சினை என்றார்கள் ஹோஸ்டிங்காரர்கள். நான்கு நாள் இப்படியே போனது. அப்புறம் வடிவமைப்பாளரே உட்கார்ந்து, எங்கள் டொமைன் முகவரியையே அனுப்புநராக்கி, எழுதியவரின் முகவரியைப் பதில் போகும் இடத்துக்கு மாற்றி, மெயில் அனுப்பும் சர்வருக்கு எஸ்எம்டிபி லாகின் கொடுத்து, டொமைனின் டிஎன்எஸ் பதிவேட்டில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டு பதிவுகளும் போட்டார். அரை மணி நேரத்தில் முடிந்தது. பணம் வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். என் பக்கமும் தவறு உண்டு, மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நானே எழுதி அனுப்பிப் பார்க்கவில்லை.

படிவத்தையே எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேரில் வந்த அந்த மனிதர்தான் தடுத்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, போனில் பேசுவது சிரமம், அதனால்தான் எழுதினேன் என்றார். படிவம் இருக்கிறது. பெயர், மெயில் முகவரி, என்ன கோளாறு என்று மூன்றே கட்டங்கள், முன்பு ஏழு இருந்தன. பச்சை எழுத்தையும் மாற்றிவிட்டேன்: "உங்கள் செய்தியை அனுப்பியிருக்கிறோம். இதன் நகல் உங்கள் மெயிலுக்கும் வரும். நாளை மாலைக்குள் பதில் வராவிட்டால் இந்த நம்பருக்கு அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள்." கீழேயே நம்பர். ஒவ்வொரு திங்கள் காலையிலும் வேறொருவர் போனிலிருந்து நானே ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கிறேன்.

நண்பருக்கு என் பதில்: அவரிடம் கொடுக்காதே. நம்பர், வேகம், ஸ்லைடர் விஷயத்தில் காட்டிய உறுதி எல்லாம் எனக்குத் தெரியும், நானும் அவரிடமேதான் தொடரப்போகிறேன். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் கொடுக்காதே என்றுதான் சொல்வேன். மீறிக் கொடுத்தாயானால், தளத்தை ஒப்படைக்கும் நாளில் முகப்புப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் படிவத்தில் ஒரு வரி எழுதி அனுப்பு. அது உன் இன்பாக்ஸில் வந்து விழும்வரை மீதிப் பணத்தைக் கையில் வைத்திரு.