குளிர்காலப் படகுப் பயணம்: லங்கோலனா, ஆக்ஸ்போர்டா?

கடந்த பிப்ரவரியில் நேரோபோட் (கால்வாய்களுக்கென்று குறுகலாகக் கட்டப்பட்ட நீண்ட படகு) ஒன்றை வாடகைக்கு எடுத்து மூன்று இரவுகளைக் கால்வாயில் கழிப்பது என்று நானும் மனைவியும் முடிவு செய்தபோது, எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, லோயர் ஹேஃபோர்டில் புறப்பட்டு ஆக்ஸ்போர்டு கால்வாயில் தெற்கே நகரம் வரை சென்று திரும்புவது. மற்றொன்று, வேல்ஸ் எல்லையோரம் உள்ள சர்க்கில் புறப்பட்டு லங்கோலன் ஊர் வரை சென்று திரும்புவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆக்ஸ்போர்டு வழியில் அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்றிருக்கிறேன். ஆகவே அதன் குளிர்காலம் பற்றி நான் எழுதுவது, வசந்தத்தில் பார்த்ததை வைத்துச் செய்த கணிப்பு மட்டுமே.

படகைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஏழடிக்குச் சற்றே குறைந்த அகலம், எஃகு உடல், முன்னறையில் நிலக்கரி அடுப்பு, பின்னால் படுக்கையறை என்ற அதே அமைப்புதான். அடுப்பின் சூடு பின்னறை வரை எட்டாது என்பதும், காலையில் சன்னல் சட்டத்தில் நீர் கோத்து நிற்கும் என்பதும் எந்தக் கால்வாய்க்கும் பொருந்தும். வாடகைப் படகுகளில் பெரும்பாலானவை நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை ஓய்வெடுப்பதால், இரு வழிகளிலும் முதலில் தேட வேண்டியது குளிர்காலத்திலும் படகு தருபவரைத்தான்.

எங்களை ஒரு பக்கம் சாய்த்தது ஒரே கேள்வி: எங்கும் அடைபட்டு நிற்காமல், குறித்த நாளில் படகைத் திரும்ப ஒப்படைக்க முடியுமா? கோடையில் இது கேள்வியே அல்ல. குளிர்காலத்தில் பகல் குறுகிவிடுகிறது; டிசம்பர் நடுவில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; இருட்டிய பிறகு வாடகைப் படகை ஓட்டுவதற்குப் பொதுவாக அனுமதியில்லை. படகோட்டிகள் நேரத்தைக் கணக்கிட ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். மைல்களின் எண்ணிக்கையோடு லாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டி மூன்றால் வகுத்தால் மணி நேரம் கிடைக்கும். (மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் இடையே படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டை, இங்குள்ளவர்கள் சொல்வது போல் லாக் என்றே எழுதுகிறேன்.) லோயர் ஹேஃபோர்டிலிருந்து ஆக்ஸ்போர்டு சுமார் 15 மைல், வழியில் ஒன்பது லாக்குகள், ஆக எட்டு மணி நேரம். அதாவது டிசம்பரின் ஒரு முழுப் பகலும் போவதற்கே சரியாகிவிடும். அதே அளவு திரும்புவதற்கும் வேண்டும். இந்த வழி லாக்குகளைக் கொண்டது என்பதால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் தன் பெரிய பழுதுபார்ப்புகளை நவம்பர் முதல் மார்ச் வரைதான் வைத்துக்கொள்கிறது. ஓக் மரக் கதவுகளை மாற்றுவதற்கு லாக்கின் நீரை வடித்துவிட்டால், அந்த வழியே வாரக்கணக்கில் மூடப்படும். லாக் எண்ணிக்கை கூடினால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

இவை எல்லாவற்றையும் விட ஆக்ஸ்போர்டு வழியில் நான் அஞ்சியது சார்வெல் ஆற்றை. பேக்கர்ஸ் லாக்குக்கும் ஷிப்டன் வியர் லாக்குக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மைல் தூரம் கால்வாய் தனக்கென்று ஒரு பாதை இல்லாமல் ஆற்றோடு ஒன்றாகிவிடுகிறது. மழை பெய்தால் ஆறு ஏறும். லாக் அருகே உள்ள அளவுப் பலகையில் நீர் சிவப்புப் பட்டையைத் தொட்டால் படகு நகரக் கூடாது. ஏப்ரலிலேயே, ஒன்றரை நாள் மழைக்குப் பிறகு, நீர் அந்தச் சிவப்பின் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்ததை முழங்கால் மடக்கி அமர்ந்து பார்த்தேன். ஒரு மாலையும் ஓர் இரவும் அங்கேயே கட்டிப்போட்டுக் காத்திருந்தோம். மறுநாள் நீர் சிவப்புக்குக் கீழே உள்ள மஞ்சள் பட்டைக்கு இறங்கியதால் தப்பித்தோம். பிப்ரவரியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்போது அப்படி விரைவாக இறங்கும் என்று நான் நம்பமாட்டேன்.

லங்கோலன் பக்கம் இந்தக் கவலைகளில் பெரும்பாலானவை இல்லை. எங்கள் வழி அடங்கிய, கிளெட்ரிட் பாலத்திலிருந்து ஹார்ஸ்ஷூ அருவி வரையிலான 11 மைல் பகுதி 2009-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்த முழு நீளத்திலும் ஒரு லாக்கும் கிடையாது. மலையையும் பள்ளத்தாக்கையும் ஒரே மட்டத்தில் கடக்கும்படி தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் வகுத்த வழி அது. நம் மாத்தூரைப் பார்த்தவர்களுக்குத் தொட்டிப்பாலம் என்றால் விளக்க வேண்டாம். 1805-இல் திறக்கப்பட்ட பொன்ட்கசுல்த்தே தொட்டிப்பாலத்தில், டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு, வார்ப்பிரும்புத் தொட்டிக்குள் படகே மிதந்து போகிறது. ஒரு புறம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபுறம் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவே எழுந்து நிற்கும் இரும்பு விளிம்பு, அதற்கப்பால் வெறும் வெளி. சுக்கான் பிடியில் உறைபனி படிந்திருந்ததால் கையுறையோடு பிடித்தபடி கடந்தேன்; மனைவி இறங்கி நடந்தே வந்தாள்.

இங்கே கவனிக்க வேண்டியது நீரோட்டம். டீ ஆற்றிலிருந்து ஹார்ஸ்ஷூ அருவியில் எடுக்கப்படும் நீர் இந்தக் கால்வாய் வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீராகப் போகிறது. ஆகவே மற்றக் கால்வாய்களைப் போல் இங்கு நீர் தேங்கி நிற்பதில்லை. லங்கோலன் நோக்கி எதிர்நீரில் நான்கரை மணி நேரம் ஆனது. திரும்பி வரும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம். இரண்டாம் நாள் காலை படகுத்துறையின் அசையா நீரில் கண்ணாடி போல் பனித்தகடு படிந்திருந்தது. படகு அதை நெரித்துக்கொண்டு கால்வாய்க்குள் திரும்பியதும் சத்தம் நின்றுவிட்டது. ஓடும் நீர் உறையத் தாமதமாகும் என்பது தெரிந்ததே என்றாலும், ஒரு வாரம் தொடர்ந்து உறைபனி இருந்தால் இங்கும் இதே நிலை நீடிக்குமா என்பதை மூன்று நாள் அனுபவத்தை வைத்து நான் சொல்லத் துணியமாட்டேன்.

ஊரை நெருங்கும்போது ஒரு படகு மட்டுமே போகக்கூடிய குறுகிய பகுதிகள் வருகின்றன. கோடையில் அங்கே ஒருவர் முன்னால் நடந்து போய் எதிரே படகு இல்லை என்று கைபேசியில் சொன்ன பிறகே நுழைய வேண்டும். எங்களுக்கு எதிரே வந்தது மூன்று நாளில் இரண்டே படகுகள்.

ஆக்ஸ்போர்டுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், ஹேஃபோர்டு ரயில் நிலையம் கால்வாய்க் கரையிலேயே இருக்கிறது என்பதையும், பயணம் முடியும் இடத்தில் ஒரு பெரிய நகரமே காத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லாக் இயக்குவதையே இன்பமாகக் கருதுபவர்களுக்கு லங்கோலன் சலிப்பாக இருக்கலாம்; எங்களுக்குக் கிடைத்தது கையால் இயக்கும் ஒரே ஒரு தூக்குப்பாலம்தான். பள்ளத்தாக்கில் வெயிலும் குறைவு.

லங்கோலன் வழிக்கும் ஓர் ஆபத்து உண்டு. பழுதுபார்ப்புக்காகச் சில குளிர்காலங்களில் அந்தத் தொட்டிப்பாலத்தையே மூடி நீரை வடித்துவிடுவார்கள். அப்போது இந்த வழி நடுவில் துண்டாகி, சர்க் பக்கம் இருப்பவர்கள் லங்கோலனைப் பார்க்கவே முடியாது. டிரஸ்ட் இந்த மூடல்களை முன்கூட்டியே பட்டியலாக வெளியிடுகிறது. நாங்கள் அதைப் பார்த்து, எங்கள் தேதிகளில் பாலம் திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட அன்றுதான் முன்பணம் கட்டினோம்.