லண்டன் வீட்டை வாடகைக்கு விட கன்சென்ட் டு லெட்டா, பை டு லெட்டா?

குடியிருப்பதற்கென்று மோர்ட்கேஜ் போட்டு வாங்கிய வீட்டை இங்கிலாந்தில் வாடகைக்கு விட முறையான வழி இரண்டு. கடன் கொடுத்த வங்கியிடமே 'கன்சென்ட் டு லெட்' அனுமதி வாங்கலாம், இல்லையென்றால் பழைய கடனை அடைத்துவிட்டு, வாடகைக்கு விடும் வீட்டுக்கென்றே கொடுக்கும் 'பை டு லெட்' மோர்ட்கேஜுக்கு மாறலாம்.

யாரிடமும் சொல்லாமல் சாவியைக் கொடுத்துவிடுவது மூன்றாவது. பலர் செய்கிறார்கள், ஆனால் அது ஒப்பந்த மீறல், வங்கி நினைத்தால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம், தீப்பிடித்தால் சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். நியூஹாம் போல வாடகை வீட்டுக்கு உரிமம் கேட்கும் கவுன்சில் பகுதியில் இன்னும் வேடிக்கை. உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் கடன் கொடுத்தவருக்கும் அதைத் தெரிவித்தாக வேண்டும் என்பது விதி. சரி, அதை விட்டுவிடுவோம்.

கன்சென்ட் டு லெட்டின் பெரிய லாபம், கையில் இருக்கும் கடன் அப்படியே தொடர்வது. வட்டி மாறாமல் இருக்கும் ஃபிக்ஸ்ட் டீல் இரண்டு வருடம் பாக்கி இருக்கும்போது வெளியே வந்தால் முன்கூட்டி அடைப்பதற்கான அபராதம் விழும். 2,50,000 பவுண்ட் கடனில் 2% என்றாலே 5,000 பவுண்ட். கன்சென்ட்டுக்கு சில வங்கிகள் ஒரு கட்டணம் வாங்கும், சில வட்டியைக் கூட்டும், சில எதுவுமே கேட்காது. ஆனால் அனுமதி பெரும்பாலும் ஒரு வருடம் மாதிரி குறுகிய காலத்துக்குத்தான், நீட்டிப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

பை டு லெட்டில் அந்தத் தலைவலி இல்லை. ஆனால் நுழைவதே கஷ்டம். வீட்டின் மதிப்பில் குறைந்தது 25% உங்கள் பங்காக இருக்கவேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள், அப்புறம் வாடகைக் கணக்கு. அதே 2,50,000 கடனை முழுக்க வட்டி மட்டும் கட்டும் கடனாக எடுத்து, வங்கி 5.5% வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டு, வாடகை அந்த வட்டித் தொகையில் 145% இருக்கவேண்டும் என்றால் மாதம் சுமார் 1,660 பவுண்ட் வாடகை வந்தாக வேண்டும், 125% என்றால் சுமார் 1,430 போதும். அதிக வரி கட்டுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த 145%. வட்டிக்கான வரிச் சலுகையும் 2020 ஏப்ரலிலிருந்து 20% மட்டுமே, 40% வரி கட்டுபவருக்கு லாபம் காகிதத்தில்தான் இருக்கும். இந்த வரி விஷயம் இரண்டு வழிக்கும் பொது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இப்போது கன்சென்ட்டை யோசிக்கவைப்பது புதிய வாடகைச் சட்டம். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் ஒரு வருடம் என்று முடிவுத் தேதி போட்டு வாடகைக்கு விட முடியாது, காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீசும் போய்விட்டது. நீங்களே குடிவர வேண்டும் அல்லது விற்க வேண்டும் என்றால் காலி செய்யச் சொல்லலாம், ஆனால் முதல் 12 மாதத்துக்குள் வெளியேற்ற முடியாது, நான்கு மாத நோட்டீசும் வேண்டும். குடியிருப்பவர் அசையவில்லை என்றால் கோர்ட் வேறு. அதாவது உங்கள் அனுமதிக்கு முடிவுத் தேதி உண்டு, குடியிருப்பவருக்கு இல்லை. அதனால் கன்சென்ட் கேட்கும்போதே "12 மாதம் முடிந்தும் ஆள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எனக்கு அந்த அனுமதியில் நம்பிக்கை வராது.

என் கணக்கில், வேலைக்காக ஒன்றிரண்டு வருடம் வெளியூர் போய்த் திரும்பப் போகிறவருக்கும், ஃபிக்ஸ்ட் டீல் நடுவில் மாட்டிக்கொண்டவருக்கும் கன்சென்ட்தான். திரும்பி வரும் எண்ணமே இல்லை, டீலும் முடியப்போகிறது என்றால் மாறிவிடுங்கள். பழைய வீட்டை விடாமல் புதிதாக இன்னொன்று வாங்குபவர்கள் கூடுதல் ஸ்டாம்ப் டூட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும், 2024 அக்டோபர் 31 முதல் அது 5%. பழைய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் திரும்பக் கேட்கலாம்.

ஃபிளாட் என்றால் நிலத்துக்குச் சொந்தக்காரரோடு உள்ள நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தமான லீஸையும் படியுங்கள், அவருடைய அனுமதியும் தேவைப்படலாம். சென்னைக்கோ கொழும்புக்கோ ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் வரி பிடிக்காமல் வாடகை வாங்க வரித்துறையிடம் என்ஆர்எல்1 படிவம் கொடுத்து ஒப்புதல் வாங்காவிட்டால், ஏஜென்ட் வாடகையில் 20% வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புவார்.