நிவாரணப் பணத்துக்குப் பதிந்து தருகிறேன் என்று அப்பாவிடம் 9,500 ரூபாய் அடித்துவிட்டார்கள் - கடலூர்ப் பக்கத்து விவசாயிகள் கவனிக்கவும்

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்பெண்ணைக் கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சவுக்கு. 2024 ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளத்தில் மூன்று வருடத் தோப்பு பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த மரத்துக்கு வியாபாரி பாதி விலைதான் கேட்டார். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்றால் பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் ஹெக்டேருக்கு 22,500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. எங்கள் நிலத்துக்குக் கணக்குப் போட்டால் 13,500 சொச்சம்.

இந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அப்பா போனார். பெயர் சொல்லவில்லை, புகார் கொடுக்கப் போகிறோம். அந்தப் பையன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "தானே புயல்ல எங்க முந்திரியும் போச்சுங்கய்யா, உங்க வலி எனக்குத் தெரியாதா" என்றானாம். அந்த ஒரு வார்த்தை போதும், அப்பா விழுந்துவிட்டார். 2011-ஐப் பார்த்தவர்களிடம் தானே என்றால் வேறென்ன வேண்டும்? மரம் வைத்திருப்பவர்களுக்குத் தனித் திட்டம், 60,000 வரும் என்று சொல்லி, பதிவுக் கூலி 500 வாங்கிக்கொண்டான். "ஆதார் சரிபார்க்கணும், கட்டை விரல் வைங்கய்யா. சரியா விழலை, இன்னொரு தடவை."

ஆதார் ரேகை வைத்தாலே வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும்; அந்த இன்னொரு தடவையில்தான் 9,500 போனது. ரசீது இல்லை. வங்கியில் இருந்தது அப்பாவின் பழைய நம்பர், அதனால் எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை.

கேட்கப் போனேன். முதலில் "சர்வர் பிரச்சனை, ஏழு நாளில் திரும்பிவிடும்". அப்புறம் "ஓனர் சென்னையில் இருக்கார்". மூன்றாவது முறை போனபோது சொன்னதுதான் தாங்கவில்லை: "பெரியவர் கையிலேயே கொடுத்தோம் சார், வயசாச்சு இல்ல, மறந்திருப்பார்." அப்பா பக்கத்திலேயே நின்றார், ஒன்றும் பேசவில்லை. வங்கியிலோ, "உங்கள் ரேகைதானே விழுந்திருக்கிறது" என்று கை விரித்துவிட்டார்கள். 9,500 ரூபாய் எங்களுக்குச் சவுக்கு வெட்டுக் கூலி.

கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் அப்படி ஒரு 60,000 திட்டத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். கணக்கெடுப்பு அவர்கள்தான் எடுப்பார்களாம். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் அவரிடம் கொடுத்தால் போதும், பணம் நேராகக் கணக்குக்கு வரும், கூலியும் கிடையாது. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. ரேகை வைக்கும்முன் திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், ரசீது கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் ஆதார் ரேகையை லாக் செய்துவிடுங்கள், மொபைலிலேயே முடியும். வங்கியில் பழைய போன் நம்பர் இருந்தால் மாற்றுங்கள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், என்னைப் போல மூன்று முறை கடைக்கு நடந்து நாளைக் கடத்தாதீர்கள்.

அப்பா காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன்.