பிறந்த ஈரோடா, புகுந்த கோவையா?

பிறந்தது மொடக்குறிச்சிப் பக்கம், வாக்கப்பட்டது சிங்காநல்லூர். ஈரோடு பெரிதா கோவை பெரிதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் தீர்ந்தபாடில்லை. வீட்டுக்காரர் எப்போதும் ஒரே அஸ்திரத்தைத்தான் எடுப்பார்: "உங்க ஈரோடே எங்க ஜில்லாவுல இருந்து பிரிஞ்சதுதானே அம்மிணி?" வாஸ்தவம்தான். 1979 வரை ஈரோடு கோவை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பெரியார் மாவட்டம் என்று பிரித்து, பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயரை மாற்றினார்கள். ஆனால் பாகம் பிரிந்து போன தம்பிக்கு மதிப்புக் குறைவு என்று எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லையே.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரலாறும் அரசியலும் ஈரோட்டுக்கு, விளையாட்டு கோவைக்கு. குடும்பம் என்று வந்தால் இரண்டு ஊரையும் நான் முழுசாக நம்பவில்லை.

கோவைக்காரர்களிடம் வரலாறு கேட்டால் மில்லும் மோட்டாரும்தான் வரும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைகாரா மின்சாரம், அதன் பின்னால் வரிசையாக எழுந்த நூற்பாலைகள், அப்புறம் ஜி.டி. நாயுடு. குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. அந்த மில் சம்பளத்தில்தான் என் மாமனார் குடும்பமே தலையெடுத்தது. ஆனால் ஓர் ஊரின் வரலாற்றில் யாராவது யாரையாவது எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். அங்கேதான் ஈரோடு முந்துகிறது. ஈரோடு நகராட்சித் தலைவராக வசதியாக உட்கார்ந்திருந்த வியாபாரி ஒருவர், அதை உதறிவிட்டுத் தெருவுக்கு வந்து பெரியாரானார். 1921-ல் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், ஈரோட்டில், பெரிய வீட்டுப் பெண்கள்! 1925-ல் 'குடி அரசு' பத்திரிகை வந்ததும் இதே ஊரிலிருந்துதான்.

எதிர்க்கட்சி இதற்கு வ.உ.சி.யைக் கொண்டுவரும். அவர் இழுத்த செக்கு கோவைச் சிறையில் இருக்கிறது, உண்மை. ஆனால் அவர் ஒட்டப்பிடாரத்துக்காரர். அவரைச் செக்கிழுக்க வைத்த ஜெயில் எங்கள் ஊரில் இருந்தது என்று சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது? 1942-ல் சூலூர் விமான தளத்துக்குத் தீ வைத்தார்களே, அதைச் சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டுப் பக்கமும் இழுபறிகள் உண்டு. ராமானுஜன் 1887-ல் பிறந்தது ஈரோட்டில்தான், ஆனால் அது தாய்வழித் தாத்தா வீடு, வளர்ந்தது கும்பகோணம். ரொம்ப உரிமை கொண்டாடாமல் இருப்பது நல்லது. கொடி காத்த குமரனோ நேர் எதிர். பிறந்தது எங்கள் சென்னிமலை, பெயரோடு ஒட்டிக்கொண்டது திருப்பூர். தீரன் சின்னமலை காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் பிறந்தார், ஓடாநிலையில் கோட்டை கட்டினார், 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இன்றைய கணக்கில் திருப்பூர், ஈரோடு, சேலம் என்று மூன்று மாவட்டங்கள். கோவைக்கு அதில் பங்கில்லை என்று சொன்னால் வீட்டுக்காரர் எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொள்வார்.

அரசியலுக்கு வருவோம். கோவையில் அரசியல் பேச்சு பாலத்தில் தொடங்கி மெட்ரோவில் முடியும். எங்கள் பக்கம் வாய்க்காலில் தொடங்கும், முடியாது. கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர், 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். அதற்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்பதில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கட்சி. தண்ணீர் கடைமடைக்கு வரணும் என்பார் ஒருவர், கசிவு நின்றால் கிணறு வற்றும் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் அண்ணன் கான்கிரீட் கட்சி, சித்தப்பா கிணற்றுக் கட்சி. விசேஷ வீடுகளில் இரண்டு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதில்லை.

மொடக்குறிச்சிக்காரி என்ற கர்வம் எனக்கு 1996 சட்டமன்றத் தேர்தலால் வந்தது. கோரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். தேர்தலைத் தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. ஒரு ஓட்டுகூட வாங்காதவர்கள் பல பேர். தன் ஓட்டையே தனக்குப் போடவில்லை, பாருங்கள். அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்கான காப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. ஏழை விவசாயி இனி விளையாட்டுக்குக்கூட நிற்க முடியாது என்பது அதன் மறுபக்கம். எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2021-ஐ எடுத்துக்கொண்டால் கோவை மாவட்டத்தில் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கே போயின. கமல்ஹாசன் நின்ற கோவை தெற்கில் மட்டும்தான் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1,728 ஓட்டில் வானதி சீனிவாசன் ஜெயித்தார். ஈரோடு மாவட்டத்தின் எட்டில் ஐந்து அந்தப் பக்கம், மூன்று தி.மு.க. கூட்டணிப் பக்கம். மொடக்குறிச்சியில் வித்தியாசம் வெறும் 281. ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஒவ்வொரு வாசலிலும் நிற்க வேண்டிய ஊர்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஈரோடு கிழக்கில் 2025 இடைத்தேர்தலை அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் புறக்கணித்தபோது அந்தக் கர்வம் கொஞ்சம் இறங்கிவிட்டது. எதிரில் பெரிய கட்சி இல்லாத தேர்தலில் என்ன ருசி?

விளையாட்டில் வாதாடுவது வீண். நரேன் கார்த்திகேயன், கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தளம், 2023-ல் டி.என்.பி.எல். கிரிக்கெட் கோப்பையைத் தூக்கிய கோவை கிங்ஸ் என்று அவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். 2005-ல் அமெரிக்க பார்முலா ஒன் போட்டியில் நரேன் நான்காவதாக வந்ததைச் சொல்லும்போது, அன்றைக்கு ஓடியதே ஆறு கார்தான் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார்கள். இருந்தாலும் இந்தியாவிலிருந்து பார்முலா ஒன்னுக்குப் போன முதல் ஆள் அவர்தான். அதை யார் மறுக்க முடியும்? எங்களுக்கு மிச்சம் ரேக்ளா, அதாவது மாட்டுவண்டிப் பந்தயம். தென்மாவட்டங்களில் ஓடுவதுபோல் ஒன்றையொன்று துரத்துவதல்ல. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து நேரம் பார்ப்பது. காங்கேயம் காளை இரண்டு கட்டிக்கொண்டு பாயும்போது எனக்குக் காரெல்லாம் இரண்டாம் பட்சம். ஆனால் பொள்ளாச்சிப் பக்கமும் ரேக்ளா உண்டு என்பதால் இந்தச் சீட்டும் எடுபடாது.

குடும்ப விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. ஈரோட்டுப் பக்கம் நகையும் சீரும் செய்துவிட்டு, "கையெழுத்துப் போட்டுரு சாமி, அண்ணன் தம்பிக்குள்ள எதுக்கு மனஸ்தாபம்" என்பார்கள். கோவையிலும் அதே கையெழுத்துதான், காரில் கூட்டிப்போய் வாங்குவார்கள். இதில் இரண்டு ஊரும் சமம்.

இப்போதைய கேள்வி எங்கள் அப்பா அம்மா. இருவரும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. 2025-ல் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்ட பிறகு எனக்கு ராத்திரியில் தூக்கம் சரியாக இல்லை. கோவைக்குக் கூட்டி வந்தால் ஆஸ்பத்திரி பக்கம், பேரன் பேத்தி பக்கம். ஆனால் மூன்றாவது மாடி வீட்டில் அப்பா யாரிடம் வாய்க்கால் பேசுவார்? கட்டுத்தரையில் நிற்கும் மாடுகளை யாரிடம் விடுவது? கேமரா வைத்துவிட்டுத் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்கிறார் அண்ணன். எனக்கென்னவோ பெருந்துறைக்குள்ளேயே சின்னதாக ஒரு வீடு பார்ப்பதுதான் சரி என்று படுகிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அம்மா அரை மனசாக இருக்கிறார். அப்பா, "மாட்டை வித்துட்டு அப்புறம் சொல்றேன்" என்கிறார். மாட்டை விற்கிற எண்ணம் அவருக்குக் கிடையாது.